கழற்றாத மாலை

அக்காவின் பீரோவை ஒழித்தபோது, ரவிக்கைத் துணிகளுக்கு அடியில் ஒரு சந்தன சோப்பு டப்பா கிடைத்தது. உள்ளே இரண்டு டிக்கெட்டுகள், ஒரு கைப்பிடி காய்ந்த மகிழம்பூ. ஒரு டிக்கெட், கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்துக்குள் நுழைய வாங்கியது. இன்னொன்று, அதே கட்டடத்தில் அரசர்களின் மம்மிகளை வைத்திருந்த அறைக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது. மகிழம்பூ கெய்ரோவிலிருந்து வந்ததல்ல. தஞ்சாவூரில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மரத்தில் உதிர்ந்தது. இரண்டையும் ஒரே டப்பாவில் அக்கா ஏன் வைத்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2019 ஜனவரியில் போனோம். சென்னையிலிருந்து 32 பேர், ஒன்பது நாள். நான் பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் 31 வருடம் வரலாறு எடுத்தவள் நான். கரும்பலகையில் நைல் நதியையும் பிரமிடையும் வரைந்து வரைந்து, கண்ணை மூடிக்கொண்டே வரைகிற அளவுக்குக் கை பழகியிருந்தது. அக்கா எட்டாவதோடு நின்றவள். அத்தான் போன பிறகு கோயில், கடைத்தெரு தவிர எங்கும் போகாமல் இருந்தவளை நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போனேன். "எனக்கு அங்க என்ன பாப்பா தெரியப்போவுது, நீ சொல்றதைக் கேட்டுக்கிட்டு வர்றேன்" என்றாள். அறுபது வயதைத் தொடப்போகிற என்னை அவள் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

அங்கே நடந்தது வேறு. நான் பார்த்தவை எல்லாம் முன்பே புத்தகத்தில் படித்தவை. அக்கா பார்த்தவைதான் இன்று என்னிடம் மிச்சமிருக்கின்றன.

எங்கள் வழிகாட்டி எகிப்தியவியல் படித்த இளைஞர். கையில் ஆரஞ்சு நிறக் குடையை விரிக்காமல் உயரத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். எங்கள் குழுவுக்கு 'நெஃபர்தாரி' என்று பெயர் வைத்திருந்தார். கூட்டத்தில் வேறு குழுக்களோடு நாங்கள் கலந்துவிடாமல் இருக்க, "நெஃபர்தாரி, யல்லா!" என்று குரல் கொடுப்பார். யல்லா என்றால் கிளம்புங்கள், வாருங்கள் என்று அர்த்தம். ஒன்பது நாளில் அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. நல்ல மனிதர், தொழிலை நேசித்தவர். ஆனால் அவர் கையில் நேரம் மட்டும் இல்லை. பிரமிடுக்கு இவ்வளவு, ஸ்ஃபிங்ஸுக்கு இவ்வளவு, பாப்பிரஸ் கடைக்கு இவ்வளவு என்று எல்லாமே அளந்து வைத்த நிமிடங்கள்.

பிரமிடைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது? அதன் தெற்குப் பக்கத்தில் அப்போது இருந்த படகைப் பற்றி எழுதலாம். கூஃபு மன்னனின் படகு. 1954-ல் கமால் எல்-மல்லாக் என்பவர் பிரமிடின் அடிவாரத்தில் கல் மூடிய குழியொன்றைக் கண்டுபிடித்தார். குழிக்குள் படகு முழுசாக இல்லை. 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார்கள். அகமது யூசுஃப் என்ற கைதேர்ந்த மனிதர் பத்து வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டு அதை மறுபடியும் படகாக்கினார். 43 மீட்டர் நீளம், லெபனான் தேவதாரு மரம், வயது ஏறத்தாழ 4,600 வருடம். மண் படக்கூடாது என்று செருப்புக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அக்கா அந்த உறையோடு மெல்ல நடந்து, படகின் அடிவயிற்றுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு ஆணிகூட அடிக்கலியே."

உண்மைதான். பலகைக்குப் பலகை துளையிட்டுக் கயிறு கோத்து இறுக்கியிருந்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலும் இப்படித் தைத்த படகுகள் ஓடின. சென்னைக்குத் துறைமுகம் கட்டுவதற்கு முன், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகுகள் தென்னங்கயிற்றால் தைத்தவைதான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த விஷயம். ஆனாலும் அந்தப் படகுக்கு அடியில் நின்றபோது எனக்கு அது தோன்றவில்லை. அக்கா கயிற்றைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குடை உயர்ந்தது. யல்லா.

தஹ்ரீர் அருங்காட்சியகம் இளஞ்சிவப்புக் கட்டடம். 1902-ல் திறந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். எங்களுக்குக் கொடுத்தது இரண்டரை மணி நேரம். முதலில் துத்தன்காமன் என்றார் வழிகாட்டி. எல்லாக் குழுக்களும் அங்கேதான் முதலில் ஓடின. தங்க முகமூடி, 54 சென்டிமீட்டர் உயரம், 10 கிலோவுக்குச் சற்று மேல். உள்சவப்பெட்டி 110 கிலோ பொன். அந்த அறையில் படம் எடுக்க விடவில்லை. ஆனாலும் தலைக்கு மேல் தலை. முகமூடியின் கண்ணுக்கு நேராக நிற்க எனக்கு அரை நிமிடம் கிடைத்திருக்கும். அழகுதான், மறுக்க மாட்டேன். நெற்றியில் கழுகும் நாகமும், கன்னத்தில் பொன்னின் மினுமினுப்பும். வெளியே வந்தபோது அக்கா கேட்டாள்: "பையனுக்கு என்ன வயசு?" 18, 19 இருக்கும் என்றேன். அதற்கு மேல் அவள் தங்கத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பிறகு மம்மி அறை. அங்கே வழிகாட்டிகள் உள்ளே வந்து பேசக்கூடாது. இறந்தவர்கள் முன்னால் சத்தம் கூடாது என்பது அங்கிருந்த ஒழுங்கு. அதனால் எங்கள் இளைஞர் வாசலிலேயே எங்களை நிறுத்தி, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் ராம்சேஸை மட்டும் தவறவிடாதீர்கள் என்றார். 66 வருடம் ஆண்டவர். தொண்ணூறு வயது வாழ்ந்தவர். 1976-ல் பூஞ்சை பிடித்ததென்று பாரிஸுக்கு விமானத்தில் கொண்டுபோய் வைத்தியம் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்போது ஆராய்ந்ததில் அவர் மூக்கினுள் மிளகு இருந்தது தெரிந்தது. "மிளகு உங்கள் நாட்டிலிருந்து வந்தது" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார் வழிகாட்டி. மிளகுக்கொடியின் தாய்வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மன்னன் இறந்தது கிறிஸ்துவுக்கு 1,213 வருடம் முன்பு. எந்தக் கை பறித்து, எந்தப் பாய்மரம் ஏற்றி அந்த மிளகு நைல் கரைக்குப் போய்ச் சேர்ந்ததோ!

அக்கா உள்ளே போய் அந்தக் கிழவர் பக்கத்தில் நின்றாள். செம்பட்டை முடி. வளைந்த மூக்கு. தாழ்ந்த குரலில், "நாம பஞ்சு வைக்கிறோம்ல, அது மாதிரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரலில் கட்டு, நெற்றியில் காசு, வாய்க்கரிசி. எங்கள் வீட்டில் பெரியவர்கள் யார் போனாலும் இதையெல்லாம் செய்தவள் அக்காதான். அம்மாவுக்கும் அவள்தான் செய்தாள். நான் ஒவ்வொரு முறையும் அடுத்த அறையில் நின்றேன்.

இரண்டு மூன்று பெட்டி தள்ளி ஒரு மம்மி மட்டும் மற்றவர்களைப் போல் முகம் தெரியாமல் கிடந்தது. தலை முதல் கால் வரை துணி சுற்றி, முகத்தில் வண்ணம் தீட்டிய முகமூடி. அதன் மேல் வரி வரியாக மாலை. பூக்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தன. முதலாம் அமென்ஹோதெப், ஏறத்தாழ 3,500 வருடத்துக்கு முந்தியவன். எங்கள் குழுவில் யாரும் அங்கே நிற்கவில்லை. முகம் தெரியாத மம்மியிடம் என்ன பார்ப்பது?

அக்கா குனிந்தாள். முழங்கால் வலிக்கு ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, கண்ணாடியில் மூச்சு படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"பாப்பா, இது கட்டுன மாலை இல்ல. தைச்ச மாலை."

"எப்படிச் சொல்றே?"

"நாருல முடிச்சே காணோம் பாரு. எலைய மடிச்சு அதுக்குள்ள எதழச் சொருவியிருக்காங்க. அப்பறம் ஒரே ஓட்டமா தையல் போயிருக்கு. கை தேர்ந்தவங்க வேலை இது."

தஞ்சாவூர்க் கதம்பம் கட்டிப் பழகிய கை அவளுடையது. வாழைநாரை நனைத்துக் கிழித்து, மல்லிகை, மருக்கொழுந்து, கனகாம்பரம் என்று நெருக்கிக் கட்டிக்கொண்டே போவாள். கண் எங்கோ இருக்கும், விரல் தன்பாட்டில் ஓடும். ஒரு மாலையைப் பார்த்தால் எந்த ஊர்க் கட்டு என்று சொல்லிவிடுவாள். எந்த மாசத்துப் பூ என்றும் சொல்வாள்.

"ஒரு நிமிசம் இரு. எத்தன வரின்னு எண்ணிட்டு வந்துடறேன்" என்றாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வழிகாட்டி சொன்ன நேரம் தாண்டியிருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வாக்கா, பஸ் போயிடும்."

பஸ் போகவில்லை. நினைவுப்பொருள் கடைக்குள் போன நாலைந்து பேருக்காக நாங்கள் தோட்டத்தில் அரைமணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல் ராணியின் நிழலில் அமர்ந்து கைப்பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்த பிறகு அந்த அரைமணி நேரம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் தேடிப் படித்தேன். அரச மம்மிகளின் மாலைகளை 1880-களில் கேயோர்க் ஷ்வைன்ஃபுர்த் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஒவ்வொரு இலையாக, இதழாக ஆராய்ந்திருக்கிறார். காய்ந்த பூவை வெந்நீரில் இளக்கிப் பார்த்து இன்ன செடி என்று சொன்னவர் அவர். அந்த மாலைகளில் இருந்தவை நீல அல்லி இதழ், குசும்பாப் பூ, கருவேலம்பூ, சித்தகத்தி. இவற்றில் வேலியோரம் நமக்குத் தெரியாத பூ எது? செய்முறையும் எழுதியிருந்தது. இலையை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் இதழைச் செருகி, பேரீச்ச ஓலைக் கீற்றால் வரிசையாகத் தைத்திருக்கிறார்கள். எட்டாவது படித்தவள் கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு நிமிடத்தில் சொன்ன அதே விவரம்.

மடித்த இலை பெரும்பாலும் பெர்சியா என்ற மரத்தினுடையது. எகிப்தியருக்குப் புனிதமான மரம். அதன் தாவரப் பெயரைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மகிழமரத்தின் பேரினம். நெருங்கிய உறவு. உடனே தஞ்சாவூருக்குப் போன் செய்தேன். விவரத்தைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் பாத்தேன், எல சுருங்கியும் ஒடியாம கெடந்துச்சு" என்றாள். மறுநாள் காலை பிள்ளையார் கோயில் வாசலில் பொறுக்கிய மகிழம்பூதான் டப்பாவில் இருப்பது. அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

இதே போல் பூவைப் படித்த இன்னொருவர் உண்டு. துத்தன்காமன் கல்லறையை 1922 நவம்பரில் கண்டுபிடித்த ஹவர்ட் கார்ட்டர், வெளிச் சவப்பெட்டியின் நெற்றியில், பொன் கழுகையும் நாகத்தையும் சுற்றி ஒரு சின்னப் பூவளையம் கிடந்ததைப் பார்த்தார். அத்தனை பொன்னுக்கு நடுவே அந்த வாடிய பூவைப் போல் அழகு வேறில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். இளம் விதவை கடைசியாக வைத்ததாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். கல்லறையில் கிடந்த மாலைகளின் பூவும் பழமும் பார்த்து, அடக்கம் நடந்தது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் என்று கணித்தார் பெர்சி நியூபெரி என்ற அறிஞர். மன்னன் எப்படி இறந்தான் என்பதற்கு இன்னும் ஆளுக்கொரு விடை. புதைத்த மாதத்தைப் பூ சொல்லிவிட்டது.

அமென்ஹோதெப்பின் மாலைக்கும் ஒரு கதை உண்டு. அவன் இறந்தபோது போட்ட மாலை அல்ல அது. அவனைப் புதைத்து நானூறு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு எகிப்து வறுமைப்பட்டது. கல்லறைத் திருடர்கள் அரசர்களை வெளியே இழுத்துப் போட்டு, நகைக்காகத் துணியைக் கிழித்து, உடம்பை உடைத்தார்கள். அப்போது தீப்ஸ் நகரத்துப் பூசாரிகள் உடல்களை எல்லாம் திரட்டி, புதுத் துணி சுற்றி, பெயர் எழுதி, தெய்ர் எல்-பஹ்ரி மலைப்பாறையில் ஆழமான குழிக்குள் ஒளித்து வைத்தார்கள். அமென்ஹோதெப்புக்கு அந்தப் பூசாரிகள்தான் மறுபடி மாலை தைத்துப் போட்டவர்கள். அவன் அவர்களுக்கு என்ன உறவு? முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சவப்பெட்டியை மூடும்போது பூ வாசனைக்கு வந்த ஒரு குளவி உள்ளே மாட்டிக்கொண்டது. திறந்தபோது அதுவும் காய்ந்து அங்கேயே கிடந்தது.

அந்தப் பாறைக்குழி 1881-ல் அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட உடல்கள். இரண்டே நாளில் வெளியே எடுத்து நீராவிப் படகில் ஏற்றிக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக நைல் கரையில் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாய் ஓடிவந்து ஓலமிட்டார்கள். ஆண்கள் துப்பாக்கியால் வானத்தில் சுட்டார்கள். சாவு வீட்டில் செய்வதைச் செய்தார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன் செத்த அரசர்களுக்காக மாரடித்து அழுத அந்தப் பெண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கரையின் சத்தம் காதில் விழாமல் போகாது.

2021 ஏப்ரல் 3-ஆம் தேதி அதே அரசர்கள் இன்னொரு முறை இடம் மாறினார்கள். தஹ்ரீரிலிருந்து ஃபுஸ்தாத்தில் உள்ள எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்துக்கு. 18 அரசர்கள், 4 அரசிகள். ஒவ்வொருவருக்கும் பொன்னிற அலங்காரத்தோடு தனி வண்டி; உள்ளே காற்று படாமல் நைட்ரஜன் நிரப்பிய பெட்டி. 21 குண்டு மரியாதை. நாட்டின் அதிபரே வாசலில் நின்று வரவேற்றார். நான் சென்னையிலும் அக்கா தஞ்சாவூரிலுமாகப் பார்த்துக்கொண்டே போனில் பேசினோம். "நம்ம மாலைக்காரரு எந்த வண்டியில போறாரு?" என்று கேட்டாள். வண்டியில் எழுதியிருந்த பெயரைப் படித்துச் சொல்வதற்குள் அது கடந்து போய்விட்டது.

மே மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் பதினோரு நாள். ஊரடங்கு, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்க விடவில்லை. தலை முதல் கால் வரை சுற்றி, சீட்டில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். பஞ்சு யார் வைத்தார்கள், கட்டைவிரலைக் கட்டினார்களா, தெரியாது. இத்தனை பேருக்குச் செய்தவளுக்கு எங்கள் வீட்டுக் கை ஒன்றும் படவில்லை. சுடுகாட்டில் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். முழு உடுப்பு மாட்டிய நாலு பிள்ளைகள் அவளைத் தூக்கி வந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ. பூக்கடை எதுவும் திறக்கவில்லை. அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "அம்மாவுக்குப் பூ வேணுமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் வேலியோரம் போய், கையுறையோடே அரளிக் கொத்து ஒன்றை ஒடித்து வந்து அவள் மேல் வைத்தான். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது.

அந்த வருடம் டிசம்பர் கடைசியில்தான் அந்தச் செய்தி வந்தது. கெய்ரோ பல்கலைக்கழகத்துக் கதிரியக்க மருத்துவர் சஹார் சலீமும் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸும், அமென்ஹோதெப்பின் மம்மியை அவிழ்க்காமலே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தார்கள். இறந்தபோது வயது ஏறத்தாழ 35. நல்ல பல். துணி மடிப்புகளுக்குள் 30 தாயத்துகள். உள்ளே 34 பொன்மணி கோத்த ஒரு மேகலை. திருடர்கள் முறித்த கழுத்தைப் பூசாரிகள் பிசின் தோய்த்த துணிப் பட்டையால் ஒட்டி நேர் செய்திருந்தார்கள். பழைய அரசனின் நகையைப் புதிய அரசனுக்கு எடுத்துக்கொள்ளத்தான் அவர்கள் அவனைப் பிரித்திருப்பார்கள் என்று ஒரு சந்தேகம் அதுவரை உண்டு. பொன் உள்ளே அப்படியே இருந்தது. அதைப் படித்த இரவு நான் நெடுநேரம் அழுதேன். அந்தப் பையனின் கையுறையும் அரளிக் கொத்தும் கண்ணிலேயே நின்றன.

இப்படி நினைப்பு ஓடுகிறபோதெல்லாம் நடுவில், அதே பயணத்தில் பார்த்த லக்சர் வந்துவிடுகிறது. அஸ்வானிலிருந்து நான்கு நாள் நைல் கப்பல், கொம் ஓம்போ, எட்ஃபூ. எஸ்னா மதகில் கப்பல் நிற்கும்போது சின்னப் படகுகளில் வந்த வியாபாரிகள் துணி மூட்டைகளை எங்கள் தளத்துக்கு எறிந்து விலை பேசினார்கள். அக்காவுக்கு அது நல்ல பொழுது. பிறகு அரசர்களின் பள்ளத்தாக்கு. பாறையும் வெயிலும் தவிர அங்கே வெளியில் ஒன்றும் இல்லை. துத்தன்காமனின் உடல் மட்டும் இன்னும் அவன் கல்லறையிலேயே, 2007 முதல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அது சிறிய கல்லறை. ஆறாம் ராம்சேஸின் கல்லறையைக் குடைந்த தொழிலாளர்கள் அதன் வாசல் மேலேயே குடிசை போட்டதால்தான் அது மண் மூடி மறைந்து தப்பியது. கூலிக்காரர் குடிசை ஒரு மன்னனைக் காத்தது.

அந்த ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்குள்ளும் போனோம். உள்ளறைக் கூரையில் வானத்தின் தேவி நூத், இரண்டு உருவாய் நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் வயிற்றில் சுமந்து, காலையில் பெறுகிறாள். அக்கா அதைப் பார்த்துக் கைகூப்பினாள். போகிற வழியில், சித்திரங்கள் மேலேயே யார் யாரோ கீறி வைத்த எழுத்துகள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் ஊர்க் கோட்டைச் சுவர்களில் பெயர் கீறுகிறவர்களை எத்தனை முறை வகுப்பில் திட்டியிருப்பேன். வழிகாட்டி சொன்னார்: இவை கிரேக்கரும் ரோமரும் எழுதியவை, அன்றைக்கே இது சுற்றுலாத் தலம். "படிக்கத் தெரியலேன்னாலும் எழுத்து அழகா இருக்கு" என்றாள் அக்கா. காற்றில் விரலால் ஒரு எழுத்தை எழுதிப் பார்த்தாள். நான் அவளை நகரச் சொன்னேன்.

2026 பிப்ரவரியில் நாளிதழைப் பிரித்தபோது கை நடுங்கியது. அந்தப் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில், கிரேக்கக் கிறுக்கல்களுக்கு நடுவே தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருப்பதை சார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராவுக் என்ற இரு அறிஞர்கள் படித்திருந்தார்கள். ஏறத்தாழ 1,800, 1,900 வருடத்துக்கு முந்தியவை. சிகை கொற்றன் என்ற ஒருவன் ஐந்து கல்லறைகளில் எட்டு இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறான். வந்து கண்டான் என்கிறது எழுத்து. செங்கடல் கரையில் குசைர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்று எழுதிய பானை ஓடு கிடைத்தது முன்பே தெரியும். ஒறி என்றால் நம் சமையலறையில் தொங்கிய உறிதான். பெரெனிகேயில் ஒரு கோயிலில், இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்ததும் தெரியும். அந்தச் சரக்கோடு போனவர்களில் ஒருத்தன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு அத்தனை தூரம் உள்நாட்டுக்குள் நடந்து, ஒவ்வொரு கல்லறையாக இறங்கி நின்று பார்த்திருக்கிறான் என்பதுதான் தெரியாது. யாரும் அவனை யல்லா என்று விரட்டவில்லை.

நாங்கள் கடந்து வந்த சுவர்களில் எதிலாவது அந்தப் பெயர் எங்கள் தலைக்கு மேல் இருந்திருக்கலாம். அக்கா காற்றில் எழுதிப் பார்த்தது எந்த எழுத்தோ. போன் செய்து சொல்ல ஆள் இல்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

எகிப்தில் இப்போது எல்லாம் மாறிவிட்டது. கூஃபுவின் படகைப் பிரிக்காமல் அப்படியே ஒரு வண்டியில் ஏற்றி, கீஸாவில் கட்டிய புதிய பேரருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2025 நவம்பரில் அதை முழுமையாகத் திறந்தார்கள். துத்தன்காமனின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் முதல் முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. என் மருமகள் போகலாம் என்கிறாள். போவேன். குழுவோடு போக மாட்டேன்.

1881-ல் பாறைக்குழியிலிருந்து வந்த அரசர்கள் ஒவ்வொருவரையும் அறிஞர்கள் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். அமென்ஹோதெப்பை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. மாலையைக் கலைக்க மனம் வராமல் முதலில் விட்டுவைத்தார்கள், பிறகு வந்தவர்களும் அப்படியே விட்டார்கள். அது இன்னும் அவன் மேல்தான் இருக்கிறது. எத்தனை வரி என்று நான் எண்ணவில்லை.